பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ்: 'அழி' பொத்தானை அழுத்த முன்

கொண்டச்சியில் ஒரு வீட்டு மடிக்கணினி. அதில் ஒரு கோப்புறை: காணி அனுமதிப்பத்திரம், 1990இல் வெளியேற்றப்பட்டபோது வாப்பா சட்டைப்பையில் கொண்டுபோன அடையாள அட்டை, புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். எல்லாம் ஸ்கேன் பிரதிகள். வேறெங்கும் பிரதி இல்லை. மகனின் கேள்வியோ வேறு: "லினக்ஸ் போட்டா கேம் ஓடுமா நானா?"

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0, எட்டாம் தலைமுறை இன்டெல் சிப் இரண்டும் எங்களிடம் உள்ள பல பழைய கணினிகளில் இல்லை. களவுப் பிரதி போட்டு வைரஸோடு மல்லுக்கட்டுவதைவிட, இலவசமான லினக்ஸ் நல்லது.

லினக்ஸில் விநியோகங்கள் பல. புதியவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ராம் போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் உண்டு. தரவிறக்கம் கிட்டத்தட்ட 3 ஜிபி. டேட்டா காசை யோசித்தால், ஒருவர் இறக்கி ஊரே பகிரலாம். பென் ட்ரைவிலிருந்தே இயக்கி, வைஃபையும் சத்தமும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் பொதிகளை நிறுவினால் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கடிதம் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. பாமினி எழுத்துருக் கோப்பை நிறுவினால் சரி.

இனி கேம். 2018இல் வால்வ் நிறுவனம் புரோட்டோனை வெளியிட்ட பிறகு, ஸ்டீமிலுள்ள ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. அந்நிறுவனத்தின் ஸ்டீம் டெக் கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. ஆனால் வேலோரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. அவற்றின் மோசடித் தடுப்பு ஏற்பாடு லினக்ஸை அனுமதிப்பதில்லை. இன்னொன்று, புரோட்டோனுக்கு வல்கன் ஆதரவுள்ள கிராஃபிக்ஸ் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கணினியில் அது குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அதில் லினக்ஸுக்கென்றே வந்த விளையாட்டுகளோடு திருப்திப்பட வேண்டியதுதான். கேமுக்கென்றே உருவான பஸைட் போன்றவை புதிய, பலமான கணினிகளுக்கு உரியவை. இந்த மடிக்கணினிக்கு அது பாரம்.

நிறுவும்போது 'வட்டை அழித்து நிறுவு' என்ற தெரிவு வரும். அதை அழுத்தினால் காணிப் பத்திரமும் போகும். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்பதிலும் மின்சாரம் நின்றால் ஆபத்துத்தான். மின்டை எழுதும் பென் ட்ரைவும் முழுதாக அழியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்திரங்கள் உள்ள ட்ரைவை அதற்குப் பாவிக்காதீர்கள்.

நாங்கள் அன்று கோப்புறையை இரண்டு ட்ரைவ்களில் பிரதி எடுத்து, ஒவ்வொரு பத்திரத்தையும் திறந்து பார்த்தோம். ஒன்றை உம்மா அலமாரியில் வைத்துப் பூட்டினார். மற்றது சிலாவத்துறையிலுள்ள மாமி வீட்டுக்குப் போனது. அதன் பிறகுதான் மின்ட் போட்டோம். வேலோரன்ட் இல்லை என்றதும் தம்பியின் முகம் சுருங்கியது. பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் ஓடியதும் எங்களை மறந்துவிட்டான்.