கழிவென விற்ற நாற்காலி; கடல் கடந்தால் லட்சங்கள்!

புதுதில்லி: பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலக் கூடங்களில் "தனியார் சேகரிப்பிலிருந்து" என்ற குறிப்புடன் விற்பனைக்கு வரும் தேக்கு நாற்காலிகள் சிலவற்றின் முதுகில், வண்ணத்தால் எழுதிய ஓர் எண்ணும் அலுவலகப் பெயரின் சுருக்கமும் இருக்கும். நம் அரசு அலுவலகங்களில் தளவாடப் பதிவேட்டுக்காக இடப்படும் அதே எண்தான். சண்டீகர் தலைமைச் செயலகத்திலோ, உயர் நீதிமன்றத்திலோ, பஞ்சாப் பல்கலைக்கழகத்திலோ கிடந்தவை அவை. பொருள் அசல் என்பதற்கு அந்த எண்ணே இன்று சான்று. விலையைக் கூட்டுவதும் அதுவே.

பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குத் தலைநகராக 1950-களில் எழுந்தது சண்டீகர். வடிவமைத்தவர் லெ கொர்புசியே. ஆனால், அங்கேயே தங்கிப் பணிகளைக் கவனித்தவர் அவருடைய உறவினர் பியர் ஜான்னரே. அலுவலகங்களுக்கான மேஜை நாற்காலிகளைத் தேக்கிலும் பிரம்பிலும் வடிவமைத்து, உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு செய்வித்தார். 1965 வரை அங்கு வாழ்ந்த அவர் 1967-ல் ஜெனீவாவில் காலமானார். அவரது விருப்பப்படி அஸ்தி சண்டீகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

பிரம்பு அறுந்த நாற்காலிகள் நாளடைவில் மொட்டை மாடிகளில் குவிந்தன. உபயோகமற்றவை எனக் கழிக்கப்பட்டு ஏலமும் விடப்பட்டன. 1990-களின் இறுதியிலிருந்து பிரெஞ்சு வணிகர்கள் இவற்றை வாங்கிச் சென்று, செப்பனிட்டு, மேலைநாடுகளில் விற்றனர். இதைத் திருட்டு எனக் கூற இயலாது. விற்றது அரசு அலுவலகங்களே. அங்கு ஒரு நாற்காலி சில லட்சம் ரூபாய்க்குப் போகிறது என்ற செய்தி வந்த பிறகே இங்கு விழிப்பு ஏற்பட்டது.

2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கவும் ஏலம் விடவும் தடை விதித்தது. பாரம்பரியப் பொருள்களாக 12,793 தளவாடங்கள் கணக்கெடுக்கப்பட்டன. ஆயினும் வெளிநாட்டு ஏலங்கள் நின்றபாடில்லை. முன்னரே வெளியேறியவை கைமாறுகின்றன என்பது ஒரு காரணம். தடைக்குப் பின் கடத்தப்பட்டவையும் உண்டு என்பது புகார்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளைக் கடந்திருந்தால்தான் ஒரு பொருள் தொல்பொருள். சண்டீகர் நாற்காலிகள் அந்த வயதை எட்ட 2050-களாகிவிடும்.

ஆனால், அதே சட்டத்தில் மற்றொரு வாசலும் உண்டு. படைத்தவர் உயிருடன் இல்லையெனில், கலை மதிப்பைக் கருதி ஒரு படைப்பைக் "கலைச் செல்வம்" என மத்திய அரசு அறிவிக்கலாம். அதற்கு வயது வரம்பு இல்லை. ரவிவர்மா, தாகூர், அம்ரிதா ஷேர்-கில் ஆகியோரின் படைப்புகள் இவ்வாறே காக்கப்படுகின்றன. வெளிநாட்டவர் என்பதும் தடையல்ல. ரஷிய ஓவியர் நிகோலஸ் ரோரிக்கும் அப்பட்டியலில் உள்ளார். ஒரே வடிவில் நூற்றுக்கணக்கில் செய்யப்பட்ட நாற்காலி கலைப்படைப்பாகுமா என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். ஏல நிறுவனங்களுக்கு அந்த ஐயம் எழவில்லை.

கணக்கெடுக்கப்பட்டவற்றில் பல இப்போதும் அலுவலகங்களில் அன்றாடப் பயன்பாட்டிலேயே உள்ளன.