ஒளிந்திருக்கும் மூன்று ஏழு

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் எதிராளியின் கண்ணுக்கு எளிதில் படாத வலுவான கை ‘செட்’. ஆட்டக்காரரின் கையில் இரண்டு ஏழு இருக்க, மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில் இன்னொரு ஏழு விழுந்தால் அது செட். அதே மூன்று ஏழு, கையில் ஒன்றும் மேசையில் இரண்டுமாக அமைந்தால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். செட்டில் அந்தத் தடயமே கிடையாது. ஆனால் கையில் ஜோடி வந்த பிறகும், அந்த மூன்று சீட்டில் செட்டோ அதைவிடப் பெரியதோ அமைவது ஏறக்குறைய எட்டரைக்கு ஒரு தடவைதான்.

இப்படி அரிதாக வாய்த்த கையைப் பதுக்கி ஆடத்தான் பலருக்கும் கை துறுதுறுக்கும். கணக்கோ வேறு சொல்கிறது. நடுவில் 100 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று சீட்டுக்குப் பிறகும், அடுத்து ஒவ்வொன்றாகத் திறக்கும் இரண்டு சீட்டுகளுக்குப் பிறகும் என மூன்று சுற்றிலும் நடுவில் உள்ள அளவுக்கே பந்தயம் கட்டி, எதிராளியும் ஈடுகொடுத்தால், அவரிடமிருந்து 100, 300, 900 என மொத்தம் 1,300 ரூபாய் வந்து சேரும். முதல் சுற்றைச் சும்மா விட்டுவிட்டால் அது 100, 300 என 400 ரூபாயோடு நின்றுவிடும். கை ஒளிந்திருப்பதால் பந்தயம் கட்டுவதே பதுக்கலாகவும் அமைகிறது. ராஜா ஜோடி வைத்திருப்பவர் தாம்தான் முன்னிலை என்று நம்பிப் பணம் போடுவார்.

மேசையில் ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் எட்டு, கிளாவர் ஏழு கிடந்தால் தயங்கவே கூடாது. கையில் இரண்டு ஸ்பேட் உள்ளவருக்கு, மீதி இரண்டு சீட்டுக்குள் ஐந்து ஸ்பேட் சேர்ந்து ஃப்ளஷ் அமையும் வாய்ப்பு 35 சதவீதம். அந்தச் சீட்டை இலவசமாகக் காட்டுவது பெரிய தவறு. செட்டும் மூன்றில் ஒரு தடவை, மூன்று ஏழோடு ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸாகவோ நான்கு ஏழாகவோ வளரும் என்பது உண்மை. அதை நம்பிப் பந்தயத்தை நிறுத்தி வைக்க முடியாது.

பதுங்குவதற்கும் இடம் உண்டு. டேவிட் ஸ்க்லான்ஸ்கி தம் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ நூலில் அதற்கு நிபந்தனைகள் சொல்கிறார்: கை மிகமிக வலுவாக இருக்க வேண்டும், இலவசச் சீட்டால் எதிராளி முந்திவிடும் அபாயம் குறைவாக இருக்க வேண்டும், பந்தயம் கட்டினால் அவர் சீட்டைக் கவிழ்த்துவிடுவார் என்ற நிலை வேண்டும், நடுவில் பணமும் பெரிதாகச் சேர்ந்திருக்கக் கூடாது. ராஜா, ஏழு, இரண்டு என மூன்று வெவ்வேறு இனச் சீட்டுகள் விழுந்து, எதிராளியும் தானே பந்தயம் கட்டும் முரட்டு ஆட்டக்காரராக இருந்தால், ஒரு சுற்று பொறுக்கலாம்.

1988 உலகப் போக்கர் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஜானி சான் அப்படித்தான் பொறுத்தார். மேசையில் ராணி, பத்து, எட்டு. அவர் கையில் ஜாக், ஒன்பது. செட் அல்ல, ஐந்தும் வரிசையாக அமைந்த கை. அந்த இடத்தில் அதை வெல்லக்கூடிய கையே இல்லை. ராணி ஜோடியை நம்பிய எதிராளி எரிக் சைடல், கடைசிச் சீட்டு விழுந்ததும் தம்மிடமிருந்த அனைத்தையும் வைத்துத் தோற்றார். சான் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகப் பட்டம் வென்றார்.