நெல் இலையைச் சுருட்டுவது எது?
தாவும் வண்ணத்துப்பூச்சியை இனங்காணல்

காலபோகத்தில் நெற்பயிர் மட்டம் வெடிக்கும் பருவத்தில் சில இலைகள் குழல்போலச் சுருண்டு நிற்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். கண்டவுடன் பீடைநாசினி வாங்கச் செல்வோர் பலர். ஆனால் இலையைச் சுருட்டும் பூச்சி ஒன்றன்று. இரணைமடு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களிலும், மானாவாரி வயல்களிலும் இரு வேறு பூச்சிகளின் புழுக்கள் இலையைச் சுருட்டுகின்றன. ஒன்று இலைச்சுருட்டி, மற்றையது தாவும் வண்ணத்துப்பூச்சி. முன்னையது சில வேளைகளில் விளைவைக் குறைக்கும். பின்னையதால் விளைவு குறைவது மிக அரிது. ஆகவே, மருந்தைப் பற்றி எண்ணுமுன் பூச்சியை அறிதல் வேண்டும்.

பூச்சியின் தோற்றம்

ஆங்கிலத்தில் ஸ்கிப்பர் எனப்படும் இவ்வகைப் பூச்சிகள், இடத்துக்கிடம் தாவுவதுபோல விரைந்து பறப்பன. நெல்லில் காணப்படுவனவற்றுள் பெலோபிடாசு மதியாசு என்பது ஒன்று. விரித்த சிறகின் அகலம் ஏறக்குறைய 3.5 சதமமீற்றர். நிறம் மங்கிய கபிலம். முன்சிறகில் கண்ணாடி போன்ற சிறு வெண்புள்ளிகள் உள. ஆணின் முன்சிறகின் மேற்புறத்தில் சரிவான வெளிறிய கோடு ஒன்றும் உண்டு. உடல் தடித்தது, உணர்கொம்பின் நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். இது பகலிற் பறந்து பூக்களில் தேனுண்ணும். போர்போ சின்னாரா என்னும் இனமும் இதனைப் பெரிதும் ஒத்தது. ஆனால் அதன் ஆணிடம் அக்கோடு இல்லை.

வாழ்க்கை வட்டம்

பெண்பூச்சி இலைகளில் முட்டைகளைத் தனித்தனியே இடும். சில நாட்களில் புழு வெளிவந்து, இலையின் ஓரங்களைப் பட்டுநூலாற் பிணைத்துக் குழலாக்கி, அதனுள் பகலில் மறைந்திருக்கும். பெரும்பாலும் இரவிலேயே உண்ணும். ஏறக்குறைய மூன்று கிழமைகளில் முற்றி 4 சதமமீற்றருக்கு மேல் வளரும். பின்னர் இலையிலேயே இளம்பச்சைக் கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய 10 நாட்களில் வண்ணத்துப்பூச்சியாகும். வரம்புப் புற்களிலும் இது வாழக்கூடியது.

இரண்டையும் வேறுபடுத்தல்

சுருண்ட இலையை விரித்துப் பாருங்கள்.

1. தாவும் வண்ணத்துப்பூச்சியின் புழு பெரியது. தலை பருத்து, கழுத்து ஒடுங்கியிருக்கும். தலையின் இருபுறத்தும் செங்கபிலக் கோடு உண்டு. தொட்டால் மெதுவாகவே அசையும். இலைச்சுருட்டிப் புழு மெலிந்தது. நீளம் 2 சதமமீற்றர் அளவே. தொட்டதும் துடித்து நெளிந்து விழும்.

2. முன்னையது இலையை ஓரத்திலிருந்து கடித்துத் தின்று, நடுநரம்பை விட்டுவைக்கும். பின்னையது உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டுவதால் இலையில் நீளவாட்டில் வெண்கீற்றுகள் தோன்றும்.

3. இலைச்சுருட்டியின் தாய்ப்பூச்சி ஓர் அந்து. மஞ்சட்கபிலச் சிறகில் கருமையான அலைக்கோடுகள் உள. பயிரினூடே நடந்தால் சிறுதூரம் பறந்து மீண்டும் இலையில் அமரும்.

செய்யவேண்டியவை

தாவும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு மருந்து தெளித்தல் வேண்டா. மட்டம் வெடிக்கும் பயிர் இழந்த இலைக்கு ஈடாகப் புதிய இலைகளை விடும். ஆங்காங்கே காணும் புழுக்களைக் கையாற் பொறுக்கி அழித்தாற் போதும். புழுவின் அருகே வெண்பஞ்சு போன்ற சிறு கூடுகள் இருப்பின் அதனைத் தொடாது விடுக. அவை புழுவைக் கொல்லும் சிறு குளவிகளின் கூடுகளாகும்.

விதைத்து முதல் 40 நாட்களுக்குள் இலையுண்ணும் புழுக்களுக்காகத் தெளிக்கும் மருந்து, சிலந்திகளையும் குளவிகளையும் முதலில் அழித்துவிடும். காவலர் மாண்டபின் கபிலநிறத் தத்தி தடையின்றிப் பெருகிப் பயிரை எரித்துவிடக்கூடும். சிறு நட்டத்துக்கு அஞ்சிப் பெருநட்டத்தைப் பணங்கொடுத்து வாங்குவதாக இது முடியும்.

இலைச்சுருட்டியாயின், குடலைப் பருவத்திலும் கதிரை அடுத்துள்ள கடைசி இலையிலும் கூடிய கவனம் வேண்டும். அவ்விலையே மணியை நிரப்ப உதவுவது. யூரியாவை மிகையாக இடுதல் இப்பூச்சியை வளர்க்கும். சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பங்கிட்டு இடுக. வரம்புப் புற்களையும் வெட்டுக.

எதுவென ஐயமேற்படின், சுருண்ட இலையைப் புழுவோடு ஒரு போத்தலில் இட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக.