உங்களுக்குத் தெரியுமா? சுடச்சுட உறையும் திரவம்!

★ உறைதல் என்றாலே குளிர்தான் நினைவுக்கு வரும். ஆனால் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையை அடுத்த கல்பாக்கத்தில், 98 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும் திரவம் ஒன்று குழாய்களில் ஓடுகிறது. அது உருகிய சோடியம். 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலை என்ற அணு உலையில் வெப்பத்தைச் சுமந்து செல்வது இதுதான். பக்கத்திலுள்ள 500 மெகாவாட் ஈனுலைக்கோ ஆயிரம் டன்னுக்கும் மேல் தேவை. தண்ணீரின் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே சோடியம் கட்டியாகிவிடும் என்பதால், குழாய்களைச் சுற்றி மின்சூட்டுக் கம்பிகள் பொருத்தியிருக்கிறார்கள். உலை ஓய்வில் இருந்தாலும் சோடியம் ஆறிப்போகக் கூடாது.

★ சோடியம் உறைந்தால் சுருங்கும், உருகினால் விரியும். குழாயின் நடுவில் உறைந்த கட்டியை அங்கேயே சூடாக்கினால், விரிய இடமில்லாமல் குழாயையே பிளந்துவிடும். அதனால் காலி இடம் உள்ள முனையிலிருந்துதான் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். எவ்வளவு பொறுமையான வேலை!

★ தண்ணீர் இதற்கு நேர் எதிர். உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஐஸ் மிதப்பதும், ஃப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் வெடிப்பதும் அதனால்தான்.

★ கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் பயன்படும் கனநீர், 3.8 டிகிரியிலேயே உறையும். அந்த ஐஸைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்!

★ மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது சுமார் 24 டிகிரியில். கடல்நீருக்கு மைனஸ் 1.8 வேண்டும். நம் வங்கக் கரைக்கு அந்தக் கவலையே இல்லை.

★ ஐஸ் செய்யும் மெஷின் வராத காலத்தில், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரி ஐஸைச் சேமிக்கக் கட்டியதுதான் சென்னை ஐஸ் ஹவுஸ். ஆண்டு 1842. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

★ மீன் ஏற்ற வரும் ஐஸ் பாரை உற்றுப் பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் வெள்ளை. தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை, பூஜ்யத்துக்கும் கீழே குளிரவைத்த உப்புக் கரைசலில் இறக்குவார்கள். உப்பு இருப்பதால் கரைசல் உறையாது. அச்சுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும். உறையும் நீர், கரைந்திருக்கும் காற்றையும் உப்பையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் அவை நடுவில் சிக்கிக்கொள்கின்றன. அந்த வெள்ளை, சின்னஞ்சிறு காற்றுக் குமிழிகள்தான்.

★ ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு இழுக்கும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதும். அத்தனையையும் மீனிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஐஸ் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே குப்பத்தில் மீன் வாங்கி ஊர் திரும்புகிறவர்கள், மேலே இரண்டு துண்டு போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உடைத்த ஐஸை அடியிலும் இடையிலும் மேலுமாக நிரப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.