எண்ணெய் பிரிந்ததும் இறக்கு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு வரும் வழியில், முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருக்கும். அந்த உப்பில் ஒரு கை, எண்ணெய்க் கத்திரிக்காய் செய்கிற வீட்டில் முதலில் தண்ணீருக்குத்தான் போகும். பிஞ்சுக் காயைக் காம்பு பிரியாமல் நான்காகக் கீறி, அந்த உப்புத் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். காய் கறுக்காமல் இருக்கத்தான் அது என்று நினைத்திருந்தேன். வேறொரு வேலையும் அங்கே நடக்கிறது.

தண்ணீரில் கத்திரிக்காய் மூழ்காது, மிதக்கும். அதன் சதை முழுக்கக் காற்றறைகள். சூட்டில் காற்று வெளியேற, அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. உப்போ சதையின் நீரை வெளியே இழுத்துத் திசுவைத் தளர்த்துகிறது. அறைகள் ஒடுங்குவதால் காய் குடிக்கும் எண்ணெய் குறைகிறது. ஆவியில் அரைவேக்காடாக எடுத்தாலும் இதே பலன்தான். சின்ன விஷயமில்லை இது: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, கால் கிலோ கத்திரிக்காயில் இருப்பதைப் போல இரு மடங்கு.

காயில் 92 சதவீதம் தண்ணீர். 100 கிராமுக்கு நார்ச்சத்து 3 கிராம், புரதம் ஒரே கிராம். ஊதாத் தோலில் நாசுனின் என்ற நிறமி உண்டு. ஜப்பானியர் கத்திரிக்காயை 'நாசு' என்பதால் வந்த பெயர். தண்ணீரில் கரைந்துபோகும் நிறமி என்பதால் வேகவைத்து வடிப்பதைவிட வதக்குவதே அதற்கு நல்லது. துருக்கியர் இதே காய்க்குள் வெங்காயமும் தக்காளியும் அடைத்து ஆலிவ் எண்ணெயில் சமைக்கிறார்கள்.

நிலக்கடலையும் எள்ளும் தேங்காயும் மிளகாய் வற்றலும் கறிவேப்பிலையும் சேர்ந்த நம் அடைப்பு அதைவிடக் கனமானது. வறுத்த நிலக்கடலையில் கால் பங்கு புரதம். தோலோடு கூடிய எள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 975 மில்லிகிராம் கால்சியம். தோல் நீக்கினால் அது 60 அளவுக்கு இறங்கிவிடுகிறது. தோலிலேயே ஆக்சலேட்டும் இருப்பதால் அத்தனையும் உடம்பில் சேராது என்றாலும், அடைப்புக்குத் தோலோடு கூடிய கறுப்பு எள்ளையே நான் சொல்வேன். மிளகாய் வற்றலிலும் கறிவேப்பிலையிலும் உள்ள கரோட்டின் வகைச் சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். எள்ளும் கடலையும் தேங்காயும் அந்தக் கொழுப்பையும் கொண்டுவருகின்றன.

கடைசியில் காய் முழுதாக வெந்து திசு குழையும்போது, குடித்த எண்ணெயில் ஒரு பகுதியைத் திருப்பிக் கக்குகிறது. 'எண்ணெய் பிரிந்ததும் இறக்கு' என்று வீட்டில் சொல்வது இந்த நேரத்தைத்தான். வாணலி ஓரத்தில் சிவப்பாக நிற்கும் அந்த எண்ணெயில் மிளகாயின் கரோட்டினும் கரைந்திருக்கிறது. கொஞ்சத்தைச் சோற்றில் பிசைந்துகொள்ளுங்கள். மிச்சத்தை வாணலியிலேயே விட்டுவிடுங்கள்.