என்ஜினின் முகத்துவாரம்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் காற்றுக்கு ஒரே பெயர் கிடையாது. வடக்கிலிருந்து வீசினால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து வந்தால் தென்றல். எந்தக் காற்றில் வலை போடலாம், எந்தக் காற்றில் படகைத் தள்ளவே கூடாது என்று இங்குள்ள பெரியவர்கள் மணலில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். சென்னையின் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி இருக்கும் ஊர் இது. கடலும் ஆறும் காற்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்கிற ஊர்.

அந்த மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் பின்பக்கத்தில் இன்னொரு காற்று உண்டு. அதற்குக் குப்பத்தில் பெயர் இல்லை. ஒரு நாள் கடலுக்குப் போய்வர எத்தனை லிட்டர் டீசல் ஆகும் என்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது. என்ஜினுக்குள் நுழையும் காற்றைத்தான் சொல்கிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்கக் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. அவற்றில் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின்தான். அதன் பின்னால் நீளமான ஒரு தண்டு, தண்டின் முனையில் விசிறி. அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது தண்டைத் தூக்கிக்கொள்ளலாம், தரை தட்டாது. துறைமுகமே இல்லாத மணற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒருநாள் காலையில் அப்படி ஒரு என்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரருக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். "அண்ணே, போன வாரத்துலேர்ந்து டீசல் ஜாஸ்தி குடிக்குது. பொகையும் கறுப்பா வருது" என்றார். மெக்கானிக் நிமிரக்கூட இல்லை. "காத்து போற வழி சரியில்லன்னா பொகையத்தான் செய்யும் தம்பி. மொதல்ல ஃபில்டரக் கழட்டு." பிறகு சிலிண்டர் ஹெட்டை எடுத்துச் சாக்கின் மேல் கவிழ்த்து வைத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினிய வார்ப்பு. அதில் இரண்டு வட்டங்கள். ஒன்று காற்று உள்ளே வரும் வால்வு, மற்றது புகை வெளியேறும் வால்வு. வால்வை எடுத்துவிட்டால் அதன் பின்னால் ஒரு வளைந்த சுரங்கம் தெரியும். அதற்குப் பெயர் போர்ட்.

அந்தச் சுரங்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கிக் காற்றை இழுக்க அதற்குக் கிடைப்பது அரைச் சுற்று, அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கு. சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர், போர்ட்டின் விட்டம் 32 மில்லிமீட்டர் என்றால், அந்தச் சுரங்கத்தில் காற்று சராசரியாக மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பாய வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது அடையாறிலும் பெசன்ட் நகரிலும் மரங்கள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வேகத்தின் அர்த்தம் புரியும். வர்தாவையும் மிஞ்சிய காற்று, ஒரு விரல் நுழையும் துளைக்குள், நொடிக்கு இருபத்தைந்து தடவை நின்று நின்று வீசுகிறது.

இவ்வளவு வேகத்தில் வரும் காற்றுக்கு வளைவில் திரும்புவது லேசான காரியம் இல்லை. போர்ட் பக்கவாட்டில் தொடங்கி, வால்வுக்கு மேல் வந்ததும் கீழ்நோக்கி மடங்குகிறது. அடையாற்றைக் கவனித்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓடும். உள்கரையில் ஓட்டம் சோர்ந்து மணல் தங்கும். காற்றும் அப்படியே. வெளிச்சுவரை மோதி ஓடுகிறது, உள்வளைவில் சுவரைப் பிடித்துக்கொள்ள முடியாமல் விட்டு விலகிப் போகிறது. விலகிய இடத்தில் செத்த காற்று சுழன்றுகொண்டு நிற்கும். பார்வைக்குச் சுரங்கம் 32 மில்லிமீட்டர் அகலம்தான். காற்று ஓடுவதோ அதில் ஒரு பகுதியில் மட்டும். முகத்துவாரத்தில் மணல் திட்டு போட்டதும் ஆற்றின் வாய் சுருங்கிவிடுவதில்லையா, அதே கதை.

சிலிண்டர் ஹெட்டைப் போர்ட்டிங் செய்வது என்றால் இந்த மணல் திட்டைக் கரைப்பது. உள்வளைவின் கூர்மையை மழுக்கி, காற்று சுவரோடு ஒட்டியபடி திரும்பும்படி செய்வார்கள். வால்வின் தண்டைத் தாங்கும் கைடைச் சுற்றிச் சுரங்கத்துக்குள் முட்டிக்கொண்டிருக்கும் உலோகத்தை ஒழுங்குபடுத்துவார்கள். வார்ப்பில் விட்டுப்போன பிசிறுகளை எடுப்பார்கள். இன்டேக் குழாயும் ஹெட்டும் சேரும் இடத்தில் படிக்கட்டு போல ஏதாவது துருத்தியிருந்தால் சமன் செய்வார்கள். எல்லாவற்றையும்விட வால்வு வந்து அமரும் வளையமான சீட்டில்தான் அதிக கவனம் வைப்பார்கள். சீட்டை 45 டிகிரியில் மட்டும் வெட்டி விடாமல், அதற்கு மேலும் கீழும் 30, 60 டிகிரிகளில் இரண்டு சின்ன வெட்டுகள் கொடுத்தால் காற்று படிப்படியாகத் திரும்பும். வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது காற்றின் வழியை நெருக்குவது வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய வளைய இடைவெளிதான். சுரங்கத்தின் தொடக்கத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்த இடைவெளி பெரிதாகாது. நல்ல கைக்காரர் தன் நேரத்தில் பெரும்பகுதியைச் சீட்டுக்கு மேலும் கீழும் ஓரிரு சென்டிமீட்டரிலேயே செலவழிப்பார்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். கல்லூரி நாட்களில் என் பைக்கின் ஹெட்டை ஒரு பட்டறையில் கொடுத்து, போர்ட்டை முடிந்தவரை அகலப்படுத்தி, கண்ணாடி மாதிரி மெருகேற்றித் தரச் சொன்னேன். வேலை பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அடையாறு சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி இழுக்கவில்லை. மைலேஜும் குறைந்தது. துளை பெரிதானால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் படுத்துவிடும். வேகம் படுத்தால் பெட்ரோல் துளிகள் காற்றோடு கலக்காமல் சுவரில் படியும். கார்புரேட்டர் வண்டியின் இன்டேக் போர்ட்டில் உப்புத்தாள் போட்ட அளவு லேசான சொரசொரப்பு இருப்பதே நல்லது. கண்ணாடி மெருகு புகை போகும் பக்கத்துக்குத் தகும், அங்கே கரி படிவது குறையும். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலம் முதல் இன்று இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரை, பந்தய வண்டிக்குப் பெரிய போர்ட் உதவுவதற்குக் காரணம், அந்த வண்டி குறைந்த சுற்றில் ஓடுவதே இல்லை என்பதுதான்.

காற்று நிறைய வந்தால் மட்டும் போதாது, வந்த காற்று சும்மா கிடக்கவும் கூடாது. இதை முதலில் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான டுகால்ட் கிளர்க். 1912 வாக்கில் அவர் ஒரு என்ஜினில் கலவையை உள்ளே இழுத்ததும் பற்றவைக்காமல், வால்வுகளை மூடியே வைத்து, பிஸ்டனைக் கூடுதலாக மேலும் கீழும் ஓடவிட்டார். உள்ளே வரும்போது இருந்த கொந்தளிப்பு அதற்குள் அடங்கிவிட்டது. பிறகு பொறி கொடுத்தால் அதே கலவை மிக மெதுவாக எரிந்தது. தீ பரவுவதற்குக் கலவையின் அமளி அவ்வளவு முக்கியம். இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ இதை இறுகப் பிடித்துக்கொண்டு, முதல் உலகப் போர் முடிந்த கையோடு, கலவையைக் கலக்கிவிடும் சிலிண்டர் ஹெட்டை வடிவமைத்தார். டீசலுக்கென்று அவர் செய்த காமெட் என்ற எரியறை 1930-களில் உலகம் முழுக்கப் பரவியது.

டீசல் என்ஜினில் இந்தத் தேவை இன்னும் கடுமையானது. பெட்ரோல் முன்கூட்டியே காற்றோடு கலந்து வருகிறது. டீசலோ பிஸ்டன் மேலே வந்து சேரும் கடைசித் தருணத்தில் பீய்ச்சப்படுகிறது. கலப்பதற்குக் கிடைப்பது ஓரிரு மில்லி நொடி. டீசல் போய்க் காற்றைத் தேட நேரம் கிடையாது, காற்றுதான் டீசலைத் தேடி வர வேண்டும். அதனால் காற்றைச் சிலிண்டரின் அச்சைச் சுற்றி, மோர் கடையும் பானைக்குள் போல, ஒரே திசையில் சுழலவிடுகிறார்கள். இதுதான் சுழி, பட்டறையில் சொல்வதானால் ஸ்விர்ல். இப்படிப்பட்ட என்ஜின்களில் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது காற்று இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். பிஸ்டனின் தலையில் ஒரு குழி இருக்கும். பிஸ்டன் மேலேறும்போது காற்று அந்தக் குழிக்குள் நெருக்கப்படுகிறது. அகலமான வட்டத்தில் சுழன்றது சின்ன வட்டத்துக்குள் வந்ததும் வேகம் இன்னும் கூடும். கரகம் ஆடுபவர் விரித்த கைகளை உடம்போடு சேர்த்ததும் சுழல் வேகமெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே விதி.

இந்தச் சுழியை உண்டாக்குவது போர்ட்டின் வடிவம்தான். ஒரு வழி, சுரங்கத்தைச் சிலிண்டரின் ஓரத்தை நோக்கிச் சாய்த்து, காற்றைச் சுவரோடு உரசியபடி இறக்குவது. இன்னொன்று ஹெலிக்கல் போர்ட். வால்வுக்கு மேல் சுரங்கம் ஒரு பக்கமாகச் சுருண்டு இறங்கும். சங்கின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டால் விரல் தானாக ஒரு பக்கம் திரும்புமே, அந்த உணர்வு. அன்று மெக்கானிக் அனுமதித்ததும் நான் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் வழுவழுப்பாக வளைந்து இறங்கியது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மேடு விரலைத் தடுத்தது. விவரம் தெரியாதவருக்கு அது வார்ப்பின் பிழை போலத்தான் தோன்றும். காற்றைத் திருப்பிவிடும் தடுப்பே அதுதான்.

இங்கே ஒரு பேரம் உண்டு. சுழியை அதிகப்படுத்தினால் உள்ளே வரும் காற்றின் அளவு குறையும், அளவைக் கூட்டினால் சுழி தளரும். சுழி மிஞ்சினாலும் கெடுதல்: ஒரு பீய்ச்சலின் டீசல் பக்கத்துப் பீய்ச்சலின் மேல் போய் விழும், சுவர்கள் வழியாகச் சூடு வீணாகும். இன்றைய கார்களின் காமன் ரெயில் என்ஜின்கள் 1600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைப் பனிபோலத் தூளாக்கிவிடுவதால், அவற்றுக்குப் பலமான சுழி தேவைப்படுவதில்லை. படகில் இருக்கும் எளிய என்ஜினின் நாஸில் சுமார் 200 பாரில் திறப்பது. அதற்குச் சுழிதான் கைத்துணை.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்றோட்டத்தை அளப்பதற்குக் கருவி இருக்கிறது, பெயர் ஃப்ளோ பெஞ்ச். ஹெட்டை ஒரு போலி சிலிண்டரின் மேல் பூட்டி, கீழிருந்து காற்றை உறிஞ்சி, வால்வை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திறந்து, எவ்வளவு காற்று போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சிலிண்டருக்குள் ஒரு சின்னக் காற்றாடியைத் தொங்கவிட்டால் அது சுழலும் வேகத்தில் சுழியின் பலமும் தெரிந்துவிடும். குப்பத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் என்ஜின்களை ஆராய்வதற்கென்றே ஆய்வகங்கள் இருக்கின்றன. அந்த அறிவும் இந்த மணலும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வர வேண்டும் என்பது என் ஆசை.

பட்டறையிலிருந்து ஆய்வகத்தை நோக்கி நடந்தவர்களும் உண்டு. மைசூரைச் சேர்ந்த சோமேந்தர் சிங், சிலிண்டர் ஹெட்டில் பிஸ்டன் நெருங்கிவரும் தட்டையான பகுதியில் காடிகள் வெட்டினால் கொந்தளிப்பு கூடும் என்று தன் பட்டறையிலேயே கண்டு, 2001-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒரு மெக்கானிக் காற்றின் ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு தூரம் யோசித்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அன்று அந்தப் படகின் கோளாறு போர்ட்டில் இல்லை. ஃபில்டர் உப்பும் எண்ணெயும் சேர்ந்து கட்டியாகியிருந்தது. இன்டேக் வால்வின் சீட்டு குழிந்து, வால்வு உள்ளே இறங்கியிருந்தது. மெக்கானிக் சீட்டை வெட்டி, வால்வைத் தேய்த்து, போர்ட்டில் படிந்திருந்த கரியைத் துணியாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்தார். அரத்தை எடுக்கவே இல்லை.

படகு வைத்திருப்பவர்களிடமும், ட்ராக்டரோ டீசல் பம்பு செட்டோ வைத்திருப்பவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். ஹெட் கழன்று கீழே வந்திருக்கும்போது "அப்படியே போர்ட்டையும் கொஞ்சம் அகலப்படுத்திடலாமே" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள், கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சுரங்கத்துக்குள் விரலில் தட்டுப்படும் அந்த மேட்டின் மேல் மட்டும் கிரைண்டரை வைக்க விடாதீர்கள். ஒருமுறை தேய்த்துவிட்டால் அதைத் திரும்ப வைக்க முடியாது, புது ஹெட்தான் வாங்க வேண்டும்.