படுக்கையருகே ஓர் அருவி

“ஒரு தடவை குற்றால அருவியைப் பார்த்துடணும்மா!”

புற்றுநோயால் படுத்த படுக்கையாகிவிட்ட என் மாமியார் இப்படிச் சொன்னபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. பிறந்த ஊர் தென்காசி. ஆனால் எழுந்து உட்காரவே தெம்பில்லையே!

என் மகன் ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தான். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, தலையணையை உயர்த்தி மாட்டிவிட்டோம். திரும்பிய பக்கமெல்லாம் அருவி! “சாரல் அடிக்குதும்மா!” என்று கையை நீட்டினார் அத்தை. பத்து நிமிஷம் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இது மந்திரமல்ல, சகோதரிகளே! அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990-களிலேயே இதை ஆராயத் தொடங்கினார்கள். தீப்புண்ணுக்கு மருந்திடும்போது நோயாளியைப் பனி உலகம் ஒன்றில் உலவவிட்டார்கள், வலி குறைந்தது. மனம் காட்சியில் லயித்துவிட்டால் வலியைக் கவனிக்க அதற்கு ஏது நேரம்?

ஆனால் வலி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

இன்னொன்று: கண்ணாடிக்குள் ஒருவர்தான் போகமுடியும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அத்தை இன்று இல்லை. அன்று அவர் என் கையை இறுகப் பற்றி, “நீயும் நனையறியா?” என்று கேட்டது மட்டும் காதிலேயே இருக்கிறது.